சமவாய்ப்புச் சூழலில் நடை: மைய எல்லைத் தேற்றத்துக்கு எதன் மொமென்ட், எத்தனை? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நிகழ்தகவு படிக்கும் முதுநிலை மாணவர்கள், புதிதாக ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் என்று பலரிடம் சில வருடங்களாக இந்தப் பொருளைப் பேசி வருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றைத் தொகுத்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூலில் ‘விலக்கப் பெருக்குத் தொகை’ என்று வருவதை இங்கே வகுப்பில் பேசுவதுபோல ‘மொமென்ட்’ என்றே எழுதுகிறேன். ஒரு மாறியின் ப-ஆம் அடுக்கின் எதிர்பார்ப்பு முடிவுள்ளதாக இருந்தால், அதற்கு ப-ஆம் மொமென்ட் இருக்கிறது என்று பொருள். ‘ந’ என்பது அடிகளின் எண்ணிக்கை. தலைப்பில் உள்ள மைய எல்லைத் தேற்றம் சொல்வது: நிறைய மாறிகளைக் கூட்டி, சராசரியைக் கழித்து, √ந-ஆல் வகுத்தால் மணி வடிவ இயல்நிலைப் பரவல் வரும்.

சமவாய்ப்புச் சூழல்னா என்ன? சாதாரண நடையிலயும் எல்லாம் சமவாய்ப்புதானே?

இங்கே சமவாய்ப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. முழு எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு நாணயம். எல்லா நாணயமும் ஒன்றுபோல இல்லை: ஒன்று வலது பக்கம் 2/3 வாய்ப்பு தரும், இன்னொன்று 1/3 தரும். எந்த இடத்தில் எந்த நாணயம் என்பதை முதலில் குலுக்கிப் போட்டு வைத்துவிடுகிறோம். இது முதல் அடுக்கு, இதுதான் சூழல். பிறகு நடப்பவர் தான் நிற்கும் இடத்து நாணயத்தைச் சுண்டி, வலதோ இடதோ ஓர் அடி வைக்கிறார். இது இரண்டாம் அடுக்கு.

ஒரே இடத்துக்கு நூறு முறை திரும்பி வந்தாலும் அங்கே அதே நாணயம்தான். சாதாரண நடையில் இல்லாத நினைவு ஒன்று இதனால் வந்துவிடுகிறது. 1967இல் செர்னோவ் டி.என்.ஏ. நகலெடுப்பை விளக்கவும், 1972இல் டெம்கின் படிக வளர்ச்சியை ஒட்டியும் இந்த மாதிரியைக் கொண்டுவந்தார்கள். கணிதக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான்.

ஒரு அடி எப்பவும் 1தானே சார்? எல்லா மொமென்ட்டும் தானா இருக்கே, அப்புறம் எதுக்கு மொமென்ட் நிபந்தனை?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஒன்றையொன்று சாராத மாறிகளின் கூட்டலுக்கு உள்ள பழைய தேற்றத்தில் நிபந்தனை கூட்டப்படும் மாறியின் மீது விழுகிறது: அதற்குப் பரவற்படி (சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கத்துக்கு எதிர்பார்ப்பு) முடிவுள்ளதாக இருக்க வேண்டும். அதே பழக்கத்தில் இங்கேயும் அடியின் நீளத்தைப் பார்க்கிறோம். அடியோ ஒன்றுதான். ஆனால் இங்கே அடுத்தடுத்த அடிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால் அடிகளை நேரடியாகக் கூட்டிப் பயன் இல்லை.

கூட்ட வேண்டியது நேரத்தை. ‘இந்த இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு முதன்முதலாகப் போய்ச் சேர எத்தனை அடி ஆனது?’ என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல்வரம்பு கிடையாது. நடப்பவர் ஏதாவது ஒரு பொறியில் சிக்கிப் பல ஆயிரம் அடிகளை அங்கேயே சுற்றிச் செலவழிக்கலாம். மொமென்ட் நிபந்தனை எல்லாம் இந்தச் சிக்கல் நேரத்தின் மீதுதான். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதலில் ‘எதன் மொமென்ட்?’ என்று கேளுங்கள். நேரத்தினுடையதா, நாணயத்தினுடையதா, (பின்னால் வரும் விளிம்பு மாதிரியின்) கடத்துதிறனுடையதா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பொறின்னு சும்மா சொன்னா எப்படி? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

சரி. ஒவ்வோர் இடமும் மற்றவற்றைச் சாராமல், ‘அ’ என்ற நிகழ்தகவோடு கெட்ட இடம் (வலது பக்கம் போக 1/3), மீதி நிகழ்தகவோடு நல்ல இடம் (வலது பக்கம் போக 2/3). ‘அ’ பாதிக்குக் கீழே. ஒவ்வோர் இடத்துக்கும் இடது வாய்ப்பை வலது வாய்ப்பால் வகுத்த விகிதத்தை ‘ரோ’ என்போம். கெட்ட இடத்தில் ரோ 2, நல்ல இடத்தில் 1/2.

இதை மலையேற்றமாகப் பாருங்கள். கெட்ட இடம் ஒவ்வொன்றும் ஒரு படி ஏற்றம், நல்ல இடம் ஒரு படி இறக்கம். ‘ம’ படி உயரமுள்ள ஏற்றத்தைத் தாண்ட ஏறக்குறைய 2^ம அளவு நேரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு படியும் பின்தள்ளலை இரட்டிப்பாக்குகிறது. அப்படி ஓர் ஏற்றம் எவ்வளவு அரிது? இந்த நிலப்பரப்பே ஒரு சாதாரண நடை: மேலே போக ‘அ’, கீழே போக ‘1 − அ’. அது எப்போதாவது ‘ம’ உயரத்தைத் தொடுவதற்கான நிகழ்தகவு (அ/(1−அ))^ம. சூதாடியின் நட்டக் கணக்கில் வரும் அதே வாய்பாடுதான். கவனியுங்கள், அ^ம இல்லை. கெட்ட இடங்கள் இடைவிடாமல் அடுக்கி வர வேண்டியதில்லை, இடையில் சில நல்ல இடங்கள் வந்தாலும் மலை மலைதான்.

இரண்டையும் சேர்த்தால், சிக்கல் நேரம் ‘நே’யைத் தாண்டும் நிகழ்தகவு ஏறக்குறைய நே^(−காப்பா) என்று குறைகிறது. இங்கே காப்பா என்பது (1−அ)/அ என்ற எண்ணுக்கு 2இன் அடிமானத்தில் மடக்கை. பொதுவாகச் சொன்னால், ரோவின் காப்பா-ஆம் அடுக்கின் எதிர்பார்ப்பு சரியாக 1 ஆகும் நேர்ம எண்தான் காப்பா. நம் எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள், அதே விடை வரும். ஆக, நேரத்துக்கு ப-ஆம் மொமென்ட் வேண்டுமென்றால் ப < காப்பா என்று இருக்க வேண்டும்.

காப்பா 2ஐத் தாண்டினாத்தான் இயல்நிலைப் பரவலா? கீழ போனா என்ன வரும்?

1975இல் கெஸ்டன், கோஸ்லோவ், ஸ்பிட்சர் மூவரும் இதை முழுமையாகத் தீர்த்தார்கள். காப்பா 2க்கு மேல் இருந்தால் நேரத்துக்கு இரண்டாம் மொமென்ட் உண்டு, √ந அளவில் இயல்நிலைப் பரவல் வரும். சரியாக 2 என்றால் இயல்நிலைப் பரவல் தப்பிக்கிறது, ஆனால் அளவு √(ந மடக்கை ந) ஆகிவிடும். 1க்கும் 2க்கும் நடுவில் வேகம் உண்டு, ஆனால் ஏற்ற இறக்கம் ந^(1/காப்பா) அளவுக்குப் பெரிதாகி, நிலைப்புப் பரவல் என்ற கனத்த வால் கொண்ட பரவல் வரும். 1க்குக் கீழே வேகமே இல்லை, நடப்பவர் ந^காப்பா அளவு தூரம்தான் போவார். காப்பா சரியாக 1 ஆகும்போது ந/மடக்கை ந.

நம் எடுத்துக்காட்டில் எல்லைகள் அழகாக விழுகின்றன. கெட்ட இடங்கள் ஐந்தில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் காப்பா 2க்கு மேல். மூன்றில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் 1க்கு மேல். பாதிக்குக் குறைவாக இருந்தால் 0க்கு மேல்.

வேகம் இருக்குங்கறீங்க. வேகம் இருந்தா அதைச் சுத்தி மணி வடிவம் வரணும் இல்லையா?

வர வேண்டியதில்லை. வேகத்துக்கு நேரத்தின் முதல் மொமென்ட் போதும், மணி வடிவத்துக்கு இரண்டாவதும் வேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் காப்பா 1இலிருந்து 2 வரை.

எண்ணோடு பார்ப்போம். 1975இல் சாலமன் கொடுத்த வாய்பாட்டின்படி, ரோவின் எதிர்பார்ப்பு 1க்குக் கீழே இருந்தால் வேகம் (1 − எதிர்பார்ப்பு)/(1 + எதிர்பார்ப்பு). நம் சூழலில் இது (1 − 3அ)/(3 + 3அ) ஆகிறது. கெட்ட இடம் பத்தில் ஒன்று என்றால் வேகம் 7/33, மைய எல்லைத் தேற்றமும் உண்டு. நான்கில் ஒன்று என்றால் வேகம் 1/15, காப்பா ஏறக்குறைய 1.585. நடப்பவர் ஒழுங்காக வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கிறார், ஆனால் அவருடைய ஏற்ற இறக்கம் இயல்நிலைப் பரவலுக்கு அடங்காது.

சராசரியா வலது பக்கம் தள்ளினா போதாதா? எதுக்கு நடுவுல மடக்கை வருது?

போதாது. அறுபது சதவீத இடங்களில் வலது வாய்ப்பு 0.9, நாற்பது சதவீத இடங்களில் 0.01 என்று வையுங்கள். சராசரி வலது வாய்ப்பு 0.544, பாதிக்கு மேல். ஆனால் ரோவின் மடக்கைக்கு எதிர்பார்ப்பு எடுத்தால் ஏறக்குறைய +0.52 வருகிறது. சாலமனின் தேற்றப்படி நேர்மமாக இருந்தால் நடை இடது பக்க முடிவிலிக்குப் போகும். தள்ளல்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. அதனால்தான் மடக்கை.

மடக்கையின் எதிர்பார்ப்பு சரியாகச் சுழி ஆனால் நடை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அப்போது ந அடியில் அது போகும் தூரம் (மடக்கை ந)² மட்டுமே என்று 1982இல் சினாய் காட்டினார். பத்து லட்சம் அடி நடந்தாலும் சில நூறு இடங்களுக்குள்தான். அங்கே எந்த மொமென்ட்டும் உதவிக்கு வராது.

க்வென்ச்டு, அனீல்டு ரெண்டும் குழப்புது. எந்தத் தேற்றம் எதுக்கு?

இரண்டும் உலோகப் பட்டறைச் சொற்கள். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் திடீரென்று முக்கினால் உள்ளமைப்பு அப்படியே உறைந்துவிடும், அது க்வென்ச்டு. மெல்ல ஆறவிட்டால் எல்லாம் சமனாகிவிடும், அது அனீல்டு. இங்கே க்வென்ச்டு என்றால் ஒரு சூழலைக் குலுக்கிப் போட்டு, அதை உறையவைத்து, அதன் மேல் நடையை மட்டும் பலமுறை ஓட்டுவது. தேற்றம் ஏறக்குறைய எல்லாச் சூழலுக்கும் தனித்தனியாக உண்மையாக வேண்டும். அனீல்டு என்றால் ஒவ்வொரு தடவையும் சூழலையும் புதிதாகக் குலுக்கி, இரண்டு அடுக்குக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பது. முன்பு சொன்ன கெஸ்டன், கோஸ்லோவ், ஸ்பிட்சரின் 1975ஆம் ஆண்டுத் தேற்றம் அனீல்டு வகை.

என் கருத்தில் இயற்பியலுக்கு நெருக்கமானது க்வென்ச்டு. கையில் இருக்கும் கம்பி ஒன்றுதான், அதைத்தான் அளக்கிறோம்.

சூழலை உறையவெச்சா ஒரு பரிமாணத்துல மையம் மாறுதுன்னு போட்டிருக்கே, அது ஏன்?

நடப்பவர் ஒவ்வோர் இடத்தையும் கடந்தே ஆக வேண்டும், சுற்றுப்பாதை கிடையாது. வழியில் உள்ள கெட்ட இடங்கள் எதிர்பார்த்ததைவிட √ந அளவு அதிகமாகவோ குறைவாகவோ அமைந்தால், அந்தச் சூழலுக்கான சராசரி இடமே √ந அளவு நகர்ந்துவிடும். எனவே வேகம் × ந என்பதைக் கழித்தால் சரிவராது, அந்தச் சூழலுக்கே உரிய மையத்தைக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தால் காப்பா > 2 என்ற அதே எல்லையில் க்வென்ச்டு தேற்றம் கிடைக்கிறது. கோல்ட்ஷைட் 2007இல் இதை நிறுவினார், பீட்டர்சனும் தனியாக நிறுவினார்.

2க்குக் கீழே நிலைமை மோசம். ஒருசில ராட்சதப் பொறிகளே மொத்த நேரத்தையும் ஆள்வதால், உறைந்த சூழலில் ஒரே ஓர் எல்லைப் பரவல் என்பதே இல்லை. எந்த அளவில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெவ்வேறு பரவல் வரும். பீட்டர்சனும் ஸைடூனியும் 2009இல் இதைக் காட்டினார்கள் (காப்பா 1க்குக் கீழே, 1 முதல் 2 வரையான பகுதியைப் பீட்டர்சன் தனியே செய்தார்).

ரெண்டு பரிமாணம், மூணு பரிமாணத்துல காப்பா எங்கே போச்சு?

ஒவ்வோர் இடத்திலும் எந்தத் திசைக்கும் குறைந்தது ஒரு நிலையான வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். இதைச் ‘சீரான கீழ்வரம்பு’ என்கிறேன். அப்போது ‘நே’ அளவு நேரம் பிடித்துவைக்கும் பொறிக்கு மடக்கை நே அளவு ஆரம் வேண்டும். ஒரு பரிமாணத்தில் அவ்வளவு இடங்களைக் கெடுத்தால் போதும். அதன் நிகழ்தகவு நே-யின் ஏதோ ஓர் அடுக்காகத்தான் குறையும், அந்த அடுக்குதான் காப்பா. இரண்டு பரிமாணத்தில் சுற்றியுள்ள (மடக்கை நே)² இடங்களையும் உள்நோக்கித் திருப்ப வேண்டும். அதன் நிகழ்தகவு எந்த அடுக்கையும்விட வேகமாகச் சரிகிறது. எல்லா மொமென்ட்டும் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

எதிர்பார்ப்பு வேறு, நிறுவல் வேறு. ஒரு திசையில் தப்பிப் போகிறது என்பது மட்டும் தெரிந்தால் வேகம் நேர்மமாகும் என்பது சீரான கீழ்வரம்பு இருந்தும்கூட இன்னும் பொதுவாக நிறுவப்படவில்லை. ஸ்னிட்மன் வைத்த ‘டி’ நிபந்தனை (பின்னோக்கி வெளியேறும் நிகழ்தகவு அடுக்குக்குறி வேகத்தில் குறைய வேண்டும் என்பது) அல்லது அதைவிட லேசான பல்லுறுப்பு நிபந்தனை இருந்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. அந்தப் பல்லுறுப்பு நிபந்தனை பெர்கர், ட்ரூவிட்ஸ், ராமிரெஸ் மூவரும் 2014இல் கொடுத்தது.

புதுப்பிப்பு நேரம்னு ஒண்ணு எல்லாக் கட்டுரையிலயும் வருதே?

நடப்பவர் ஒரு திசையில் புதிய உச்சத்தைத் தொட்டு, அதற்கு அப்புறம் ஒருபோதும் அதற்குப் பின்னால் வராத நேரம். அந்தக் கணத்துக்குப் பிறகு அவர் பார்ப்பது முழுக்கப் புதிய நிலம், பழைய நாணயங்களுக்கு இனி வேலை இல்லை. அதனால் இரண்டு புதுப்பிப்புகளுக்கு நடுவே உள்ள துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை, ஒரே பரவலுடையவை. சார்ந்த அடிகளை ஒதுக்கிவிட்டுச் சாராத துண்டுகளைக் கூட்டுகிறோம், பழைய தேற்றம் அப்படியே வேலை செய்கிறது. ஸ்னிட்மனும் ஸெர்னரும் 1999இல் இதை உயர் பரிமாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். துண்டின் நீளத்துக்கு முதல் மொமென்ட் இருந்தால் வேகம், இரண்டாவது இருந்தால் அனீல்டு மைய எல்லைத் தேற்றம். இரண்டாம் கேள்வியில் சொன்ன ‘நேரத்தைக் கூட்டுங்கள்’ என்பதன் பல பரிமாண வடிவம்தான் இது.

சீரான கீழ்வரம்பு இல்லைன்னா என்ன ஆகும்?

பொறி கட்டப் பெரிய நிலம் தேவையில்லை, பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு போதும். இரண்டு இடமும் ஒன்றையொன்று நோக்கி ஏறக்குறைய முழு வாய்ப்போடு தள்ளினால், நடப்பவர் அந்த ஒரே விளிம்பில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருப்பார்.

இதற்குச் சுத்தமான எடுத்துக்காட்டு டிரிக்லே சூழல். ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்புகளை டிரிக்லே பரவலிலிருந்து (கூட்டினால் 1 வரும் நேர்ம எண்களைத் தரும் பரவல், திசைக்கு ஓர் அளபுரு) எடுக்கிறோம். இரண்டு பரிமாணத்தில் நான்கு திசைக்கும் அளபுரு ஒன்றே, ‘க’ என்று வையுங்கள். ஒரு விளிம்பின் ஒரு முனையில் வெளிவழிகள் மூன்று. மூன்றும் ஒரு சிறிய எண்ணுக்குள் அடங்கும் நிகழ்தகவு அந்த எண்ணின் 3க-ஆம் அடுக்குபோல. இரண்டு முனைக்கும் சேர்த்து 6க. எனவே சிக்கல் நேரத்தின் வால் நே^(−6க), அதன் எதிர்பார்ப்பு முடிவுள்ளதாக க > 1/6 வேண்டும். பொது அளபுருக்களுக்கு, எல்லா அளபுருவையும் கூட்டி இரட்டித்து, எதிரெதிர்த் திசைச் சோடிகளில் பெரிய கூட்டலைக் கழித்தால் வரும் எண்ணுக்கும் காப்பா என்றே பெயர். எந்த மொமென்ட் வேண்டுமோ அதைவிட இந்தக் காப்பா பெரிதாக இருக்க வேண்டும். டூர்னியே, சபோ ஆகியோரின் வேலைகளில் இது நன்றாக வெளிப்படுகிறது. டிரிக்லே அல்லாத சூழல்களுக்கும் இதே வடிவில் நிபந்தனை உண்டு: காம்போஸும் ராமிரெஸும் தொடங்கியதைப் புஷே, ராமிரெஸ், சபோ கூர்மையாக்கினார்கள்.

அந்த வாய்பாட்டை ஒரு பரிமாணத்துல போட்டா வேற விடை வருதே சார்?

ஆமாம், இதைக் கண்டுபிடித்துக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒரு பரிமாணத்தில் டிரிக்லே என்பது பீட்டா பரவல். வலதுக்கு ‘க’, இடதுக்கு ‘ச’ என்று அளபுரு வைத்தால், ரோவின் காப்பா-ஆம் அடுக்குக்கு எதிர்பார்ப்பு 1 ஆகும் இடம் சரியாக க − ச. விளிம்பு வாய்பாடோ 2(க + ச) − (க + ச), அதாவது க + ச என்கிறது.

இரண்டும் சரிதான், இரண்டும் வேறு வேறு பொறிகளை எண்ணுகின்றன. க + ச என்பது ஒற்றை விளிம்புப் பொறி. க − ச என்பது நீண்ட மலைப் பொறி. ஒரு பரிமாணத்தில் மலை மலிவாகக் கிடைக்கிறது, எனவே சிறிய எண்தான் ஆளும். அங்கே மைய எல்லைத் தேற்றத்துக்கு வேண்டியது க − ச > 2. உயர் பரிமாணத்தில் மலையைச் சுற்றிப் போய்விடலாம், அதனால் விளிம்புப் பொறி முன்னுக்கு வருகிறது.

இரண்டாம் மொமென்ட் போதும்னு சொன்னீங்க. க்வென்ச்டு தேற்றத்துல மட்டும் ஏன் இவ்வளவு பெரிய எண் கேக்கறாங்க?

அனீல்டுக்குச் சராசரி போதும். க்வென்ச்டுக்கு ஏறக்குறைய எல்லாச் சூழலிலும் நடக்க வேண்டும். அதற்கு, ஒரே சூழலில் இரண்டு நடைகளைச் சாராமல் ஓட்டி, அவை எத்தனை இடங்களில் குறுக்கிடுகின்றன என்று எண்ணுகிறார்கள். குறுக்கீடு குறைவென்றால் சூழலின் தனித்தன்மை கரைந்துவிடும். இந்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில்தான் மொமென்ட் செலவாகிறது. ரசூல்-ஆகா, செப்பலைனன் இருவரும் ஒருபக்கமாகவும், பெர்கர், ஸைடூனி இன்னொரு பக்கமாகவும் நிறுவியபோது புதுப்பிப்பு நேரத்துக்கு மிக உயர்ந்த மொமென்ட்களை எடுத்துக்கொண்டார்கள். அது இயற்கை கேட்ட விலை அல்ல, முறை கேட்ட விலை. பின்னர் புஷே, சபோ, டாஸ் சான்டோஸ் மூவரும், ஸ்னிட்மன் வகை நிபந்தனையோடு, நேரத்தின் வர்க்கத்தை அதன் மடக்கையின் ஓர் அடுக்கால் பெருக்கி வருவதன் எதிர்பார்ப்பு முடிவுள்ளதாக இருந்தால் போதும் என்று இறக்கினார்கள். இரண்டுக்கு மேல் ஒரு மடக்கைச் சில்லறைதான் மிச்சம்.

உயர் பரிமாணத்தில் மையம் மாறும் தொல்லையும் இல்லை, வேகம் × ந என்பதையே கழிக்கலாம்.

கடத்துதிறன் மாதிரியில நிபந்தனையே வேற மாதிரி இருக்கே?

அது வேறு குடும்பம். அங்கே நாணயம் இடத்தில் இல்லை, விளிம்புக்கு விளிம்பு கடத்துதிறன் என்ற நேர்ம எண் இருக்கிறது. நடப்பவர் அதற்கு விகிதமாக விளிம்பைத் தேர்கிறார். நடை மீளக்கூடியது (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அதே விதிதான்), ஒரு பக்கத் தள்ளல் கிடையாது. இந்த வகைக்கு அடித்தளம் 1986இல் கிப்னிஸும் வரதனும் தந்த தேற்றம். சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 2007இல் ஏபெல் பரிசு பெற்ற அதே எஸ். ஆர். சீனிவாச வரதன்தான். நடப்பவரின் தோளிலிருந்து சூழலைப் பார்த்தால் அது ஒரு மீளக்கூடிய மார்க்கோவ் சங்கிலி என்ற பார்வையைக்கொண்டு, கடத்துதிறனுக்கு முதல் மொமென்ட் இருந்தால் அனீல்டு தேற்றம் கிடைத்துவிடுகிறது.

இங்கே பொறி இரண்டு பக்கமும் உண்டு. மிகப் பெரிய கடத்துதிறன் நடப்பவரை அந்த விளிம்பிலேயே ஆட்டும். மிகச் சிறியது வழியை அடைக்கும். ஒரு பரிமாணத்தில் ஒரே வரியில் தெரியும்: அடிக்கு ஒரு நொடி என்று நடந்தால் பரவற்படி, 1ஐக் கடத்துதிறனின் எதிர்பார்ப்பு × தலைகீழின் எதிர்பார்ப்பு என்பதால் வகுத்தது. இரண்டில் ஒன்று முடிவிலி ஆனாலும் பரவற்படி சுழி.

1/ப + 1/க < 2/பரிமாணம்னு ஒரு நிபந்தனை பாத்தேன். அது எங்கேருந்து வந்தது, அவ்வளவும் தேவையா?

கடத்துதிறன்கள் ஒன்றையொன்று சார்ந்த எர்கோடிக் சூழலில் (நீண்ட தூரத்துக்கு எடுக்கும் சராசரி எதிர்பார்ப்புக்கே வந்துசேரும் சூழல்), கடத்துதிறனுக்கு ப-ஆம் மொமென்ட், அதன் தலைகீழுக்கு க-ஆம் மொமென்ட் என்று வைத்து, ஆண்ட்ரஸ், டாய்ஷெல், ஸ்லோவிக் மூவரும் 2015இல் இந்த நிபந்தனையில் க்வென்ச்டு தேற்றத்தை நிறுவினார்கள். நடையை மார்ட்டிங்கேலாக (அடுத்த அடியின் எதிர்பார்ப்பு எப்போதும் சுழியாக உள்ள நடையாக) மாற்ற ஒரு திருத்தச் சார்பு சேர்க்கிறோம். ந அளவுப் பெட்டிக்குள் அதன் மிகப்பெரிய மதிப்பு ந-ஐவிட மிகச் சிறியது என்று காட்ட வேண்டும். சராசரியாகச் சிறியது என்பது எளிது, எல்லா இடத்திலும் சிறியது என்பது கடினம். மோசரின் திரும்பத் திரும்பச் செம்மையாக்கும் முறையில் அதைச் செய்தால் பரிமாணம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

அவ்வளவும் தேவையில்லை. 2020இல் பெல்லாவும் ஷெஃப்னரும், பரிமாணம் 3 முதல், 2/பரிமாணம் என்பதை 2/(பரிமாணம் − 1) ஆக்கினார்கள். பெட்டிக்குள் முழுவதும் மதிப்பிடாமல் நல்லதொரு கோள மேற்பரப்பைத் தேர்ந்தெடுத்து அதில் மதிப்பிட்டதுதான் யுக்தி, மேற்பரப்புக்குப் பரிமாணம் ஒன்று குறைவு. ப = க என்று வைத்தால் மூன்று பரிமாணத்தில் 3க்கு மேல் என்றிருந்தது 2க்கு மேல் என்றாயிற்று. இரண்டு பரிமாணத்தில் இரண்டும் 1 ஆக இருந்தாலே போதும் என்று பிஸ்கப் 2011இல் எழுதியிருக்கிறார். 1க்குக் கீழே இறங்கினால் ஆபத்து: பார்லோ, புர்ட்ஸி, திமார் மூவரும் இரண்டு பரிமாணத்தில் 1க்குக் குறைவான மொமென்ட்கள் மட்டும் உள்ள ஓர் எர்கோடிக் சூழலைக் கட்டி, அனீல்டு தேற்றம் நிற்க, க்வென்ச்டு தேற்றம் விழுவதைக் காட்டினார்கள்.

கடத்துதிறன்கள் ஒண்ணையொண்ணு சாராம இருந்தா மொமென்ட்டே வேண்டாம்னு வேற ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னது உண்மை, ஆனால் எந்தக் கடிகாரம் என்று கேட்க வேண்டும். இரண்டும் அதற்கு மேலும் பரிமாணங்களில், நேர்மக் கடத்துதிறன் உள்ள விளிம்புகள் முடிவிலா வலையாக இணைந்திருந்தால், 2013இல் ஆண்ட்ரஸ், பார்லோ, டாய்ஷெல், ஹாம்ப்ளி நால்வரும் நிறுவியபடி மொமென்ட் நிபந்தனை இல்லாமலே க்வென்ச்டு தேற்றம் உண்டு. கடத்துதிறன் பெரிதானால் அதே அளவு வேகமாகத் தாண்டும் கடிகாரத்தில் பரவற்படி எப்போதும் நேர்மம். ஓர் இடத்தில் சராசரியாக ஒரு நொடி நிற்கும் கடிகாரத்தில், கடத்துதிறனின் எதிர்பார்ப்பு முடிவிலி ஆனால் பரவற்படி சுழியாகிவிடும். தேற்றம் பெயருக்கு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சாராத சூழலில் கெட்ட விளிம்புகள் தனித்தனித் தீவுகளாகச் சிதறிக் கிடப்பதால் சுற்றிப் போக வழி கிடைக்கிறது. சார்ந்த சூழலில் அவை கூட்டுச் சேர்ந்து சுவர் எழுப்பலாம். முந்தைய பதிலில் மொமென்ட் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

மைய எல்லைத் தேற்றம் வந்தா, ஆரம்ப இடத்துக்குத் திரும்பற நிகழ்தகவும் சரியா வந்துடுமா?

வராது. சாராத, மேல்வரம்பு உள்ள கடத்துதிறன்களுக்கு மைய எல்லைத் தேற்றம் நிற்கும்போதே, ஐந்தும் அதற்கு மேலும் பரிமாணங்களில் திரும்பும் நிகழ்தகவு வழக்கமான ந^(−பரிமாணம்/2) என்பதை விட்டு ந^(−2)க்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகே போகலாம் என்று பெர்கர், பிஸ்கப், ஹாஃப்மன், கோஸ்மா 2008இல் காட்டினார்கள். வழி எளிது: பலமான ஒரு விளிம்பு, சுற்றிலும் 1/ந அளவுள்ள பலவீன விளிம்புகள். உள்ளே நுழைய 1/ந, ந நேரம் பதுங்கல், வெளியே வர 1/ந. பெருக்கினால் ந^(−2). தொலைவில் நின்று பார்க்கும் மைய எல்லைத் தேற்றத்துக்கு இந்தச் சின்னக் குழி கண்ணில் படாது.

கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். காப்பா 2.2, ஆனா மணி ஒரு பக்கம் சாய்ஞ்சே வருது. நிரல் தப்பா?

பெரும்பாலும் நிரல் சரியாகத்தான் இருக்கும். மிகப் பெரிய பொறியின் நேரம் ந^(1/காப்பா) அளவு, மணியின் அகலம் √ந அளவு. மாறிலிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், காப்பா 2.2, ந பத்து லட்சம் என்னும்போது அந்த விகிதம் ஏறக்குறைய 0.53. ஒரே பொறி பாதி அகலத்தைத் தின்கிறது. விகிதம் 0.1க்கு இறங்க 10^22 அடிகள் வேண்டும், எந்தக் கணினியும் தாங்காது. சாய்வு இடது பக்கம்தான் வரும், ஏனென்றால் பொறி தாமதப்படுத்துமே தவிர முன்னே தள்ளாது. காப்பாவை 6, 7 என்று வைத்து ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சூழலைப் புதிதாகக் குலுக்கினீர்களா என்பதையும் பாருங்கள். ஒரே சூழலில் ஓட்டிவிட்டு வேகம் × ந என்று கழித்தால் மையமே தள்ளிப்போகும், காரணம் மேலே சொன்னேன்.

கடைசியா ஒண்ணு. உங்க எடுத்துக்காட்டுல ரோவோட மடக்கை ஒரே படியில் ஏறி இறங்குது. 1975 தேற்றத்துல அப்படி இருக்கக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கே?

இருக்கிறது. மடக்கை ரோ ஓர் எண்ணின் முழு மடங்குகளாக மட்டும் அமையக்கூடாது என்று அங்கே கேட்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அது ± மடக்கை 2, எனவே அந்த நிபந்தனை நிறைவேறவில்லை. காப்பா 2க்கு மேல் இருந்தால் கவலை இல்லை, இரண்டாம் மொமென்ட் முடிவுள்ளது என்பது மட்டுமே அங்கே வேலை செய்கிறது. 2க்குக் கீழே நேரத்தின் வால் நே^(−காப்பா) என்ற அளவில்தான் இருக்கும், ஆனால் முன்னால் நிற்கும் மாறிலி ஓரிடத்தில் நிலைக்காமல், நே இரட்டிக்கும்தோறும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். அப்போது ஒரே நிலைப்புப் பரவலுக்கு ஒருங்கும் என்று அந்தத் தேற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது, அளவு மட்டும் சரியாக இருக்கும். நிலைப்புப் பரவலையே பார்க்க விரும்பினால் மேலே சொன்ன பீட்டா சூழலை எடுத்து, க − ச என்பதை 1.5 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.